அளவுக்கு நான் பொறுப்பு, விலைக்குச் சந்தை பொறுப்பு: கட்டட ஒப்பந்தம் பற்றிய கேள்வி-பதில்

காரைக்குடி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாகக் கட்டட மதிப்பீடு போட்டுக்கொண்டிருக்கிறேன். இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். விலை பேசிய நாளில் ஒரு விலை, பொருள் வாங்கும் நாளில் வேறு விலை. ஒப்பந்தக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள், வீட்டுக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரு தரப்பு மறுதரப்பைத் திருடன் என்று நினைப்பது கடிதங்களிலேயே தெரிகிறது.

சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று பேசி, 2,000 சதுர அடி வீட்டைப் பொருளோடு ஒப்பந்தம் எடுத்தேன். தளம் போடுவதற்குள் கம்பியும் சிமென்டும் ஏறிவிட்டன. லாபம் முழுவதும் போய்விட்டது. அடுத்த வேலைக்கு எப்படி விலை சொல்வது?
— இளம் ஒப்பந்தக்காரர், தேவகோட்டை

முழுவதும் போய்விட்டது என்கிறீர்கள். கணக்குப் பார்த்தீர்களா, தம்பி? சதுர அடிக்கு 4 கிலோ கம்பி, 0.4 மூட்டை சிமென்ட் என்பது நம் கைக்கணக்கு. உங்கள் வீட்டுக்கு 8 டன் கம்பி, 800 மூட்டை சிமென்ட். கம்பி கிலோவுக்கு 10 ரூபாய் ஏறியது என்றால் 80,000. சிமென்ட் மூட்டைக்கு 40 ரூபாய் ஏறியது என்றால் 32,000. இரண்டும் சேர்ந்து 1,12,000. 44 லட்ச ரூபாய் வேலையில் 8 சதவீதம் லாபம் வைத்திருந்தால் அது 3,52,000. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் விலையேற்றம் தின்றிருக்கும். மிச்சம் எங்கே போனது?

பெரும்பாலும் அளவில் போயிருக்கும். வானம் (அடித்தளக் குழி) ஓரடி கூடுதலாகத் தோண்டியது, வெட்டித் துண்டாகிப் போன கம்பி, வீட்டுக்கார அம்மா கேட்டார் என்று நீட்டிய சன்ஷேடு. இவற்றை எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். சதுர அடி விலையில் இருக்கும் பெரிய கெடுதல் இதுதான்: அளவுத் தவறும் விலையேற்றமும் ஒரே சாக்கில் கட்டப்பட்டுவிடும். பிறகு எல்லாப் பழியும் சந்தையின் மேல்.

அடுத்த முறை இரண்டு தாள் கொடுங்கள். முதல் தாளில் அளவு: எத்தனை டன் கம்பி, எத்தனை மூட்டை, எத்தனை யூனிட் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), எத்தனை யூனிட் ஜல்லி, எத்தனை ஆயிரம் செங்கல். இந்த அளவு கூடினால் நஷ்டம் உங்களுடையது. வரைபடத்தை வீட்டுக்காரர் மாற்றினால் மட்டும் அவருடையது. இரண்டாம் தாளில் இந்த ஐந்து பொருளுக்கும் அடிப்படை விலை. வெறுமனே ‘கம்பி 65 ரூபாய்’ என்று எழுதாதீர்கள். இன்ன தேதியில், இன்ன தரம், வரி உட்பட, வேலையிடத்தில் இறக்கிய விலை என்று எழுதுங்கள். லாரி வாடகை உள்ளேயா வெளியேயா என்பதிலேயே பாதிச் சண்டை வரும்.

பிறகு ஒரு வரம்பு. அடிப்படை விலையிலிருந்து 5 சதவீதம் வரை ஏறினால் ஒப்பந்தக்காரர் தாங்குவார். அதற்கு மேல் ஏறுவதை வீட்டுக்காரர் தருவார். 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அந்த மிச்சம் வீட்டுக்காரருக்கு. 65 ரூபாய்க் கம்பி என்றால் 68.25 வரை உங்கள் பாடு. தளத்துக்கு 3 டன் வாங்கும் நாளில் 74 ரூபாய் என்றால், கிலோவுக்கு 5.75 வீதம் 17,250 ரூபாய் தனி பில். ஜி.எஸ்.டி. பில்லும் எடைமேடைச் சீட்டும் அதோடு இணைக்கப்பட வேண்டும். இறங்கும்போது திருப்பித் தரும் வாசகத்தை எழுத மறந்தால் எந்த வீட்டுக்காரரும் கையெழுத்திட மாட்டார், இடவும் கூடாது.

‘இப்படியெல்லாம் எழுதினால் நம் ஊரில் வேலை தருவார்களா?’ என்று கேட்பீர்கள். இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கல்யாணம் நடத்துகிற ஊர் இது. எழுத்துக்கு இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வாய்ப்பேச்சில் பேசிவிட்டுப் பாதியில் வந்து தலையைச் சொறிந்தால்தான் கோபிப்பார்கள். நான் தலையைச் சொறிந்திருக்கிறேன். 2021 கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மொத்த விலை சொன்னேன். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வந்தது. மேல்தளத்துக்குக் கம்பி வாங்கியபோது கிலோவுக்கு 15 ரூபாய்க்கு மேல் கூடியிருந்தது. அந்த மே மாதத்தில் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீதம் வரி போட்டது, விலை இறங்கியது. எனக்கு என்ன பயன்? என் தளம் அதற்குள் காய்ந்துவிட்டது.

கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்க்க விலை கேட்டோம். ‘15 நாள்தான் இந்த விலை நிற்கும்’ என்கிறார் ஒப்பந்தக்காரர். நாங்கள் பதினொரு பங்காளிகள். மூவர் மலேசியா, இருவர் சிங்கப்பூர். பதினைந்து நாளில் எப்படி முடிவெடுப்பது? அவசரப்படுத்தி ஏமாற்றுகிறாரா?
— சிங்கப்பூர் வாசகர்

ஏமாற்றவில்லை. அவருக்குச் சிமென்ட் கடைக்காரர் ஏழு நாள்கூடத் தருவதில்லை. உங்கள் வீட்டில் விலையை ஏற்றப்போவது சந்தை அல்ல, பங்காளிகள் கூட்டம். ஆளுக்கு ஒரு மாதம் யோசித்தால் ஓர் ஆண்டு ஓடிவிடும்; அத்தனை நாளும் ஓட்டை ஓட்டில் மழை இறங்கும். முதலில் ஒருவருக்கு முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பத்திரமாக எழுதிக் கொடுங்கள்.

அடுத்து, இந்த வீடுகளுக்கு மொத்த விலை கேட்காதீர்கள். ஓட்டைப் பிரித்துப் பார்க்காமல் கீழே உள்ள மரச் சட்டத்தில் எது செல்லரித்தது என்று கடவுளுக்கும் தெரியாது. தெரியாததற்கு விலை கேட்டால் ஒப்பந்தக்காரர் பயத்துக்கும் சேர்த்து விலை போடுவார். வேலையை வெட்டுங்கள். முதல் கட்டம்: கூரையைப் பிரித்துப் பார்த்து, அளவெடுத்து, தற்காலிகமாக மூடுவது. அதற்கு மட்டும் உறுதி விலை. அளவு தெரிந்த பிறகு இனவாரியாக விலை: ஓடு மாற்ற நூறு சதுர அடிக்கு இவ்வளவு, சட்டம் மாற்ற கன அடிக்கு இவ்வளவு. தேக்குக்கு ஒரு தற்காலிகத் தொகையை ஒதுக்கி, உண்மையில் வாங்கிய பில்படி தீர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: முட்டைப் பூச்சுக்கு நாமக்கல் முட்டை விலை ஏறினால் யார் தருவது? ரசித்தேன். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்தாலும் அந்தப் பூச்சின் செலவில் சிறு பங்குதான். படலம் படலமாகப் பூசித் தேய்த்து மெருகேற்றும் கூலிதான் பெரும் பங்கு. அது தெரிந்த கொத்தனார்கள் குறைவு. அவர்கள் தேதி கொடுப்பதே பெரிய விஷயம். அங்கே கூலியையும் நாளையும் எழுதி வாங்குங்கள், முட்டையை விடுங்கள்.

விலை ஏறும் முன் கம்பியும் சிமென்டும் மொத்தமாக வாங்கி வைத்துவிடலாமா?
— வீடு கட்டத் தொடங்கியிருப்பவர், கோட்டையூர்

சிமென்டை வாங்கி வைக்காதீர்கள். ஈரக்காற்று பட்டால் மூட்டைக்குள்ளேயே வலு குறையும். மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் தளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். அதையும் தரையில் அல்லாமல் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள்.

கம்பியை வைக்கலாம், ஆனால் வட்டியைக் கணக்கில் சேருங்கள். 8 டன், கிலோ 65 என்றால் 5,20,000 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மாதம் 5,200. மூன்று மாதத்துக்கு 15,600. அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 2 ரூபாய். மூன்று மாதத்தில் அதற்கு மேல் ஏறும் என்று உறுதியாகத் தோன்றினால் வாங்குங்கள். எத்தனை மி.மீ. கம்பி எவ்வளவு என்ற பட்டியல் பொறியாளரிடமிருந்து வந்த பிறகு மட்டும் வாங்குங்கள். 16 மி.மீ. மிஞ்சி 8 மி.மீ. போதாமல் நிற்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரரிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்து ‘விலையைப் பிடித்து வைப்பது’ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். விலை நிற்கும், கடை நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளிக் கட்டடம், ஒன்பது மாத வேலை. டெண்டரில் விலை வித்தியாசம் தரப்பட மாட்டாது என்று இருக்கிறது. போட்டியாளர்கள் மதிப்பீட்டுக்குக் கீழே போகிறார்கள். நான் என்ன செய்வது?
— பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர், திருப்பத்தூர்

மதிப்பீடு எந்த ஆண்டின் விலைப் பட்டியலில் போடப்பட்டது என்று முதலில் பாருங்கள். பொதுப்பணித் துறைப் பட்டியல் ஆண்டுக்கு ஒன்று. சந்தை அதற்காகக் காத்திருப்பதில்லை. பழைய பட்டியலில் போட்ட மதிப்பீட்டுக்குக் கீழே 7 சதவீதம் என்று ஒருவர் போனால், அவர் கெட்டிக்காரர் என்று நினைக்காதீர்கள். பாதியில் நிறுத்திவிட்டு வழக்குப் போடுபவராகவும் இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி 10 சதவீதம் ஏற்றினால் வேலை கிடைக்காது. எந்தப் பொருளை எந்த மாதம் வாங்குவீர்கள் என்று ஒரு கால அட்டவணை எழுதுங்கள். அடித்தளக் கம்பி முதல் மாதம். அதற்கு இன்றைய விலையே போதும். மேல்தளக் கம்பி ஐந்தாம் மாதம். அதற்கு மட்டும் கூட்டுங்கள். பெயின்ட், சுவிட்சு போன்றவற்றுக்கு வேண்டாம். எம்-சாண்டுக்கும் ஜல்லிக்கும் தனியாக யோசியுங்கள்; அவை உலகச் சந்தையைப் பார்ப்பதில்லை, குவாரியைப் பார்க்கும். 2025 ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்து கிரஷர்கள் (கல் உடைக்கும் ஆலைகள்) நின்றபோது நம் பக்கத்தில் விலைக்கு முன் பொருளே இல்லை. அந்த நாளுக்கு ஒரு குவியல் இறக்கி வைக்க இடமிருக்கிறதா என்பதும் மதிப்பீட்டில் சேர வேண்டிய கேள்வி.

மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் 10சிஏ, 10சிசி என்று விலை வித்தியாசம் தரும் இரு பிரிவுகளைக் காண்பீர்கள். முன்னது சிமென்ட், கம்பி போன்ற குறித்த பொருள்களுக்கு. பின்னது நீண்ட கால வேலைகளுக்கு. உங்கள் டெண்டரில் அப்படி ஏதும் இல்லை என்றால், டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். மறுப்பு வந்தாலும் பதில் எல்லோருக்கும் போகும். கீழே போகிறவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். வேலை கிடைத்த பிறகு இடம் ஒப்படைக்கத் தாமதமானால் அன்றே கடிதம் எழுதுங்கள். ஒன்பது மாத வேலை பதினாறு மாதமாவது உங்கள் தவறல்ல என்பதற்கு அந்தக் கடிதம் ஒன்றுதான் சாட்சி.

விலை தாங்க முடியாத அளவு ஏறிவிட்டது. ஒப்பந்தத்தை விட்டு வெளியேறச் சட்டத்தில் இடம் உண்டா?
— பெயர் வேண்டாம் என்றவர்

விலை ஏறியது என்பதை மட்டும் சொல்லி முடியாது. போர்க்காலத்தில் ராணுவத்துக்கு நெய் வாங்கித் தந்த ஒரு நிறுவனத்தின் வழக்கில் (அலோபி பர்ஷாத், 1960) உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: எதிர்பாராத விலையேற்றம் ஒப்பந்தத்தைக் கலைத்துவிடாது. வழக்கறிஞரைப் பாருங்கள், ஆனால் அதற்கு முன் வீட்டுக்காரரைப் பாருங்கள். பில்களை மேசை மேல் விரித்து வைத்தால் பாதியாவது தர முன்வருபவர்கள் உண்டு.

சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. குறைந்ததே, என் ஒப்பந்தக்காரர் ஏன் விலையைக் குறைக்கவில்லை?
— இல்லத்தரசி, பள்ளத்தூர்

2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதம் 18 ஆனது. வரியோடு 350 ரூபாய் மூட்டை என்றால், வரிக்கு முந்தைய விலை அப்படியே இருந்தால் 27 ரூபாய் குறைய வேண்டும். ஆனால் உங்கள் ஒப்பந்தக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, உங்களிடம் 18 சதவீதம் வரி வாங்கிக் கட்டுபவர் என்றால், சிமென்டில் கொடுத்த வரியை அவர் முன்பே கழித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் அடக்கவிலை பெரிதாக மாறவில்லை. பதிவில்லாதவர் என்றால் கேளுங்கள். மொத்த விலைக்குப் பேசியிருந்தால் கேட்க உரிமை இல்லை. ஏறியபோது நீங்கள் கொடுத்தீர்களா?

எந்த மாதத்தில் சிமென்ட் மலிவு?
— காரைக்குடி

மழைக்காலத்தில் பொதுவாக இறங்கும். அப்போது கட்டவும் முடியாது.

ஆத்தங்குடிக் கல்லுக்கும் பழைய தேக்குக்கும் விலை உறுதி வாங்க முடியுமா?
— உள்ளலங்காரம் செய்பவர், சென்னை

கல்லுக்கு முடியும். கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, சிமென்டும் மணலும் சேர்த்துக் கையால் செய்யும் தரைக்கல் அது. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறிக் காயும். அதனால் விலையை விட நாளைப் பேசுங்கள். மழை வந்தால் காயாது, உங்கள் வேலை நிற்கும். தேவைக்கு மேல் பத்துச் சதவீதம் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த முறை செய்யும் கல்லில் அதே நிறம் வராது.

பழைய பர்மாத் தேக்குக்கு உறுதி விலை என்று ஒன்று கிடையாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை; பார்த்து வாங்குபவருக்கு ஒன்று, சென்னையிலிருந்து வண்டியில் வந்து இறங்குபவருக்கு ஒன்று. நிலையும் தூணும் கண்ணால் பார்த்து, ஆணித் துளைகளையும் செல்லரித்த ஓரத்தையும் தள்ளிவிட்டுத் தேறும் கன அடியை அளந்து, அன்றே பணம் கொடுத்து அன்றே வண்டியில் ஏற்றுங்கள். வாடிக்கையாளருக்கு விலை சொல்வதை அதற்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளுங்கள்.