நியூஜெர்சியில் கேரி பெர்மிட்: நீங்கள் கேட்டவை, எனக்குத் தெரிந்தவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. நியூஜெர்சியில் கேரி பெர்மிட், அதாவது கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப்போகும் அனுமதி, எடுத்து ஒரு முறை புதுப்பித்தும் இருக்கிறேன். வார இறுதியில் ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போகிறவன். கேஸ் என்று வந்துவிட்டால் என் பதிலைக் காட்டாமல் வக்கீலைப் பாருங்கள்.

அண்ணா, நியூஜெர்சியில் சாதாரண ஆளுக்குக் கேரி பெர்மிட் தரவே மாட்டார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது எப்படித் தருகிறார்கள்? (எடிசன்)

நீங்கள் கேட்டது 2022 ஜூன் வரை சரி. அதுவரை ‘நியாயமான தேவை’யை நிரூபிக்க வேண்டும். பயமாக இருக்கிறது என்றால் போதாது, உங்கள் உயிருக்குக் குறிப்பான மிரட்டல் இருந்ததைக் காட்ட வேண்டும். கடைசியில் கையெழுத்துப் போடுவது நீதிபதி. ஓய்வு பெற்ற போலீஸ்காரர், பணம் ஏற்றிப்போகும் வண்டியின் காவலர் தவிர மற்றவர்கள் விண்ணப்பம் போடவே யோசிப்பார்கள்.

2022 ஜூன் 23இல் நியூயார்க் சட்டத்தை எதிர்த்த புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி நிபந்தனை செல்லாது என்றது. அதே வாரம் நியூஜெர்சியும் அதைக் கைவிட்டது. ஆனால் டிசம்பர் 22இல் கவர்னர் மர்ஃபி புதுச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். ‘ஏன் வேண்டும்’ என்ற கேள்வி போய், ‘எங்கெல்லாம் கொண்டு போகக் கூடாது’ என்ற நீண்ட பட்டியல் வந்தது. பெர்மிட் கிடைப்பது எளிதாகிவிட்டது, அதை வைத்துக்கொண்டு தப்பில்லாமல் நடமாடுவதுதான் கஷ்டம்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். விண்ணப்பிக்கலாமா? நண்பனோடு ரேஞ்சுக்கு மட்டும் போகலாமா? (ஜெர்சி சிட்டி)

பெர்மிட்டை மறந்துவிடுங்கள். இது மாநிலச் சட்டம் கூட இல்லை, ஃபெடரல் சட்டம். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, இன்னும் சில சின்ன விலக்குகளும் உண்டு. உங்களைப் போல நண்பனோடு ஜாலிக்குப் போகிறவருக்கு அது எதுவும் இருக்காது.

“வாடகைத் துப்பாக்கிதானே, அரை மணி நேரம்தானே” என்பார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கே ரேஞ்சில் ஆரம்பித்ததுதான். மாணவர் விசா அந்தஸ்தை இழந்த ஒருவர் ஃபுளோரிடாவில் ரேஞ்சுக்குப் போய் சுட்டார், மாட்டிக்கொண்டார். உங்கள் நண்பன் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் போட்டோ ஃபேஸ்புக்கில் ஏறும், கிரீன் கார்டு நேரத்தில் திரும்பி வரும்.

கிரீன் கார்டு இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை ஆனால் நாடு கடத்தலாம் என்பதை நினைவில் வையுங்கள். குடியுரிமை பெற்றவர் செய்யும் தப்புக்கும் நீங்கள் செய்யும் தப்புக்கும் விலை ஒன்றல்ல. என்னைக் கேட்டால், சிட்டிசன் ஆகும் வரை பொறுங்கள் என்பேன்.

மொத்தம் எவ்வளவு செலவு, எத்தனை நாள்? (பிளெயின்ஸ்பரோ)

மூன்று காகிதத்தை ஒன்றென்று குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலில் எஃப்.ஐ.டி. கார்டு (துப்பாக்கி வாங்குபவருக்கான அடையாள அட்டை), 50 டாலர். அப்புறம் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி வாங்கும் பெர்மிட், 25 டாலர். கடைசியில் கேரி பெர்மிட், 200 டாலர். 2022க்கு முன்னால் இவை 5, 2, 50 டாலராக இருந்தன. அந்த 200இல் 150 உங்கள் ஊருக்கு, 50 மாநிலத்துக்கு. தங்கள் பங்கைத் திருப்பித் தருவதாகச் சில ஊர்கள் தீர்மானம் போட்டிருக்கின்றன, உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். கைரேகை, பயிற்சி, தோட்டா எல்லாம் தனிச் செலவு.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். முடிவெடுப்பவர் ஊர் போலீஸ் தலைவர். விண்ணப்பம் முழுமையானதிலிருந்து 90 நாள், காரணம் சொல்லி இன்னும் 30 நாள் நீட்டலாம். ‘முழுமையானதிலிருந்து’ என்பதைக் கவனியுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் சுப்பீரியர் கோர்ட்டில் விசாரணை கேட்கலாம். பெர்மிட் இரண்டு வருடத்துக்குத்தான்.

சாட்சிக்கு நாலு பேர் வேண்டுமாமே? சித்தப்பா பையனைப் போடலாமா?

கூடாது. ரத்த உறவு, கல்யாண உறவு இரண்டும் கூடாது. உங்களைக் குறைந்தது மூன்று வருடமாகத் தெரிந்த நாலு பேர். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை. வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிடுகிற நண்பர்கள் நாற்பது பேர் இருப்பார்கள், துப்பாக்கிக்குக் கையெழுத்து என்றதும் “மனைவி வேண்டாம் என்கிறாள்” என்று நழுவிவிடுவார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கு பேரில் ஒருவருக்குப் போலீஸ் அனுப்பிய மின்னஞ்சல் ஸ்பாமில் விழுந்துவிட்டது. ஐந்து வாரம் யாருக்கும் தெரியாது. நான் தினமும் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மாவட்டத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஃபோன் போட்டுக் கேட்டபோதுதான் வெளிவந்தது. விண்ணப்பம் போட்ட அன்றே நால்வருக்கும் சொல்லிவிடுங்கள்: ஸ்பாமைப் பாருங்கள், தெரியாத நம்பரானாலும் எடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு டிப்ரெஷனுக்கு ஆறு மாதம் மருந்து எடுத்தேன். ஃபாரத்தில் எழுத வேண்டுமா? (பார்சிப்பனி)

ஆமாம், எழுதுங்கள் அம்மா. மனநலத்துக்காக எப்போதாவது டாக்டரையோ சைக்கியாட்ரிஸ்டையோ பார்த்ததுண்டா என்றுதான் கேள்வி. பழையது, சின்னது என்று விலக்கில்லை. உங்கள் மருத்துவப் பதிவுகளைத் தேடிப் பார்க்கவும் நீங்களே சம்மதம் கொடுக்கிறீர்கள். எழுதினால் அதனாலேயே மறுத்துவிடுவார்கள் என்றில்லை. சிகிச்சை முடிந்தது, இப்போது நன்றாக இருக்கிறார் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிச் சேர்த்துவிடுங்கள். தெரிந்தே பொய் எழுதுவது தனிக் குற்றம்.

கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். இரவு பணம் எண்ணும்போது பயம். பெர்மிட் இல்லாமல் கடையில் வைக்கலாமா?

சட்டப்படி வாங்கிய துப்பாக்கியென்றால் உங்கள் சொந்த வியாபார இடத்துக்குள் கேரி பெர்மிட் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். இந்த விலக்கு முதலாளிக்கு, கல்லாவில் நிற்கிற தம்பிக்கு இல்லை. கடைக்கு எடுத்துப் போகும்போது தோட்டா இறக்கி, மூடிக் கட்டிய பெட்டியில் அல்லது பூட்டிய டிக்கியில் இருக்க வேண்டும். பணப்பையோடு இடுப்பில் செருகிக்கொண்டு பேங்குக்கு நடந்தால், அந்த நடைக்குப் பெர்மிட் வேண்டும்.

கேரி பெர்மிட்டுக்கு வைக்கும் சுடும் தேர்வு கஷ்டமா?

50 தோட்டா, 80 சதவீதம் தேற வேண்டும், அதாவது 40 உள்ளே விழ வேண்டும். மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போகிறவருக்குப் பிரச்சினை இல்லை. ரேஞ்சில் மேஜையிலிருந்து எடுத்துச் சுட்டே பழகியவர்கள் உறையிலிருந்து உருவும்போது தடுமாறுவார்கள். விரல் டிரிகருக்கு வெளியே, நீட்டி, துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒட்டி இருக்க வேண்டும். தோட்டா போடாமல் வீட்டில் நூறு தடவை உருவிப் பழகிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று: மேகசினில் (தோட்டா அடுக்கும் கூடு) 10 தோட்டாதான். முனை குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டாவை வீட்டிலும் ரேஞ்சிலும் வைக்கலாம், கேரி பெர்மிட் இருந்தாலும் தெருவில் கூடாது. பக்கத்து மாநிலத்து வீடியோக்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

பெர்மிட் வந்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமை மகளைத் தமிழ்ப் பள்ளியில் விடும்போது இடுப்பில் இருந்தால் பரவாயில்லையா?

கூடவே கூடாது. நம் தமிழ்ப் பள்ளிகள் பலவும் வார இறுதியில் பொதுப் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடப்பவை. பள்ளி வளாகத்துக்குள் துப்பாக்கி, கேரி பெர்மிட் இருந்தாலும் குற்றம்தான், மூன்றாம் நிலைக் குற்றம். “உள்ளே வரவில்லை, டிராப் பண்ணிவிட்டுத் திரும்பினேன்” என்ற வாதத்தை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம். அன்றைக்கு வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

கோயிலைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தனியார் இடம், நிர்வாகத்தைக் கேளுங்கள். மற்ற இடங்களின் பட்டியல் 2023இலிருந்து நீதிமன்றங்களில் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை மாநில போலீஸ் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

பென்சில்வேனியாவில் இருக்கும் என் மச்சானிடம் அந்த ஊர் பெர்மிட் இருக்கிறது. இங்கே வரும்போது செல்லுமா?

செல்லாது. வேறு எந்த மாநிலப் பெர்மிட்டையும் நியூஜெர்சி ஏற்காது. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு இளம் தாயை அட்லாண்டிக் சிட்டி நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்தியது. அவரே நேர்மையாக, துப்பாக்கி இருக்கிறது, பெர்மிட்டும் இருக்கிறது என்று சொன்னார். அதுவே வழக்கானது. குறைந்தது மூன்றரை வருடம் சிறை என்ற நிலை. 2015இல் கவர்னர் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்துத்தான் முடிந்தது. மச்சானை டெலவர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேரி பெர்மிட்காரர் துப்பாக்கியால் பிறருக்குக் காயமோ சேதமோ ஆனால் ஈடு கட்ட 3 லட்சம் டாலர் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமாமே, கட்டாயமா?

சட்டத்தில் எழுதினார்கள், 2023இல் அமலுக்கு வருமுன் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கட்டாயம் இல்லையே என்று விட வேண்டாம், விலை விசாரியுங்கள்.

கஞ்சா இங்கே சட்டப்படிதானே விற்கிறார்கள்?

மாநிலத்துக்குச் சரி, ஃபெடரல் ஃபாரத்துக்குச் சரியில்லை. துப்பாக்கி வாங்கும்போது அந்தக் கேள்வி இருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கல்யாண ரிசப்ஷன், ஹோட்டல் ஹால், பார் இருக்கும். நான் குடிப்பதில்லை. கொண்டு போகலாமா?

மது பரிமாறும் உணவகமும் பாரும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் குடிக்கிறீர்களா என்பது வேறு கேள்வி, குடித்துவிட்டு வைத்திருந்தால் அது தனிக் குற்றம். வழியில்தான் வேண்டும் என்றால் காரில் வெளியே தெரியாமல் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போங்கள். ஒரு சின்ன இரும்புப் பெட்டி, சீட் காலோடு கம்பி வடம் போட்டுக் கட்டுவது, நாற்பது ஐம்பது டாலருக்குக் கிடைக்கிறது. திரும்பும் வழியில் போலீஸ் நிறுத்தினால் கேட்கும் வரை காத்திருக்காமல், கை ஸ்டியரிங் மேலேயே இருக்க, “பெர்மிட் இருக்கிறது, துப்பாக்கி இன்ன இடத்தில் இருக்கிறது” என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். அட்டையை எடுக்க அவர் சொன்ன பிறகு கையை நகர்த்துங்கள்.