சம்பந்தி வீட்டார் சைவம்: கிறிஸ்துமஸ் விருந்துக்கு என்ன சமைப்பது?

கேள்வி: எங்களுக்குப் பாளையங்கோட்டை. மகனுக்குக் கல்யாணமாகி வருகிற முதல் கிறிஸ்துமஸ். மருமகள் வீட்டார் சுத்த சைவம்; 25ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறோம். குழந்தைகள் நான்கு பேரையும் சேர்த்து 16 பேர். எங்கள் வீட்டில் வழக்கமாக மட்டன் பிரியாணி, சுக்கா, ஆப்பம், ஸ்டூ. மட்டனுக்குப் பதில் மீல்மேக்கர் போடலாமா? எங்கள் ஆட்களுக்கு மட்டும் ஓரமாகக் கொஞ்சம் கறி வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

மீல்மேக்கர் மட்டனை நினைத்து ஏங்குகிறவருக்கான பண்டம். உங்கள் சம்பந்தியம்மா மட்டனை வாயில் வைத்தே பார்த்திருக்க மாட்டார். கறி மாதிரி மெல்ல வேண்டிய ஒன்று இலையில் விழுந்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடுவதே அவருக்குப் பாடு. உங்கள் பக்கத்து ஆட்களோ முதல் வாயிலேயே "கறி மாதிரி இல்லையே" என்பார்கள். இரண்டு பக்கமும் திருப்தி இல்லாத சமையல் எதற்கு? பிறந்ததிலிருந்தே சைவமாக இருக்கிற பண்டங்களை எடுத்துக்கொண்டு, மட்டனுக்குப் படுகிற பாட்டை அவற்றுக்குப் படுங்கள். கறியை 26ஆம் தேதிக்குத் தள்ளிவிடுங்கள். விருந்தன்று மதியம் சமைத்தால்கூட மசாலா வாடை ராத்திரிவரை வீட்டில் நிற்கும்.

பட்டியல் போடுமுன் மருமகளிடம் நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு சேர்ப்பார்களா? காளான்? (சைவர்களில் பலர் தொடமாட்டார்கள்.) கேக்கில் முட்டை? நான்காவதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்: யாராவது சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்களா? மண்டல காலம் டிசம்பர் கடைசி வாரத்தில்தான் முடிகிறது. மாலை போட்டவர் உங்கள் வீட்டில் சாப்பிடுவாரா, பாலும் பழமும் போதும் என்பாரா என்று முன்கூட்டியே தெரிந்தால் அன்றைக்குச் சங்கடம் இல்லை.

இனி பிரியாணி. வெஜ் பிரியாணி பெரும்பாலும் சப்பென்று போவதற்குக் காரணம், மட்டன் தருகிற கொழுப்பும் சாறும் இல்லாததுதான். அந்த இடத்தைத் தேங்காய்ப்பாலும் முந்திரி விழுதும் பொன்னிறமாக வறுத்த வெங்காயமும் பிடிக்கும். சீரகச் சம்பா ஒன்றேகால் கிலோ போதும், மற்ற பலகாரம் இருக்கிறதே. இருபது நிமிடம் ஊறிய அரிசிக்குப் பானையில் வைத்தால் ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் அளவு நீர். அதில் பாதி தேங்காய்ப்பால். காய் போடுகிற விதத்தில்தான் கோட்டை விடுகிறோம். கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டிக் கிளறினால் வருவது கிச்சடி. இரண்டே பொருள் போதும்: பச்சை மொச்சை (மார்கழியில் சந்தைக்கு வந்துவிடும், உரித்து, தோல் பிதுக்காமல் முக்கால் பதம் வேகவையுங்கள்), தனியாக நெய்யில் சிவக்க வறுத்த உருளை. தம் போடும்போது இதைப் பாதி அரிசிக்கு மேல் பரப்பி, மீதி அரிசியால் மூடுங்கள்.

சுக்காவின் இடத்துக்குச் சேனைக்கிழங்கு. இரண்டு கிலோ வாங்குங்கள். ஓரங்குலத் துண்டாக நறுக்கி, மஞ்சளும் கொஞ்சம் புளிக்கரைசலும் விட்ட நீரில் வேகவையுங்கள். நாக்கு அரிப்புக்கு மருந்து அந்தப் புளிதான். கத்தி நுனி உள்ளே இறங்கும்போது நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வடித்துவிடுங்கள், ஒரு நிமிடம் தாண்டினாலும் வறுவலில் உடையும். அகலமான இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, சோம்பு, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, கடைசியில் அப்போது இடித்த மிளகு. துண்டுகளைப் புரட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு பக்கம் முறுகட்டும், பிறகு திருப்புங்கள்.

ஸ்டூவைக் கறி இல்லாமல் அப்படியே வையுங்கள். திருநெல்வேலிச் சைவ வீடுகளின் மறுவீட்டு விருந்தில் வருகிற சொதியும் இதுவும் நெருங்கிய உறவு. அதற்காகச் சொதியே வைத்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். அதில் அவர்கள்தான் பரீட்சை திருத்துகிறவர்கள். உருளை, கேரட், பச்சைப் பட்டாணி, கீறிய பச்சை மிளகாய், இஞ்சி, பட்டை, கிராம்பு, இரண்டாம் பாலில் வேகட்டும். முதல் பாலை விட்டபின் கொதிக்கவிடாமல் இறக்குங்கள். மூன்று தேங்காய் சரியாக வரும்.

ஆப்பத்தை மட்டும் அன்று விட்டுவிடுங்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஆளுக்கு மூன்று கணக்கில் ஒற்றைச் சட்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விருந்து முழுக்க நீங்கள் அடுப்படியில்தான். இடியாப்பம் ஒரே ஈடில் நிறைய வேகும், மூடி வைத்தால் மிருதுவாகவே இருக்கும். ஒரு கிலோ மாவு போதும்.

பாத்திரத்துக்கு வருவோம். மண்சட்டி, மரக்கரண்டி, மிக்சி ஜாரின் ரப்பர் வளையம் மூன்றிலும் மீன் வாடை தங்கும், அன்றைக்கு ஒதுக்குங்கள். வாடகைக் கடை பிரியாணிப் பானையும் வேண்டாம், நேற்று அதில் என்ன வெந்தது என்று யாருக்குத் தெரியும்? எண்ணெய் புதிது. கட்லெட் போடுவதாக இருந்தால் முட்டைக்குப் பதில் மைதாவோ சோளமாவோ கரைத்து முக்குங்கள்.

இனிப்பில்தான் மறைமுகமான அசைவம் அதிகம். அச்சுமுறுக்கு மாவில் பல வீடுகளில் முட்டை ஊற்றுகிறோம். பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டை அப்படியே நீட்டிவிடாதீர்கள். முந்திரிக்கொத்துக்குப் பயமில்லை. பாக்கெட் கேக்கில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். முட்டை கலந்தால் பழுப்பு நிறக் குறிதான் வரும். பேக்கரியில் வெட்டித் தருகிற கேக்கில் குறியே இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். வீட்டிலேயே செய்வதானால் பிளம் கேக்குக்கு ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர் என்ற கணக்கு ஒத்துவரும். ஸ்பாஞ்ச் கேக்கில் அதை முயல வேண்டாம். பழங்களை ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவையுங்கள். புட்டிங் என்றால் ஜெலட்டின் கூடாது, அது மாட்டின், பன்றியின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. சைனா கிராஸ் வாங்குங்கள்.

விடியற்கால ஆராதனை முடிந்து வந்தால் யாருக்கும் கை ஓடாது. 24ஆம் தேதியே மொச்சை உரித்து, வெங்காயம் வறுத்து, சேனை தோல் சீவி நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பால் மட்டும் 25ஆம் தேதி சாயங்காலம் எடுங்கள். ஸ்டூ மிஞ்சினால் வெளியே வைக்காதீர்கள், காலைக்குள் புளித்துவிடும்.