எஃப்-22 ஏன் 187-உடன் நின்றது?

ரேடாரில் எளிதில் சிக்காத அமெரிக்கப் போர் விமானமான எஃப்-22 பற்றிய கருத்தரங்கில் "இவ்வளவு நல்ல விமானத்தைத் தயாரிப்பதை ஏன் நிறுத்தினார்கள்" என்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஆப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் தரும் அமைப்பு) போடாமலே ஒலியைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும், 2023 பிப்ரவரியில் சீன பலூனை 58,000 அடியிலிருந்து சுட்டதும் இதுதான், சரி. ஆனால் இது எதிர்கொள்ள வேண்டியிருந்த சோவியத் யூனியன் போனபின் எதிரி யார்? வெளிநாட்டுக்கு விற்கவும் 1998 நிதியாண்டுக்கான சட்டமே தடுத்துவிட்டது, 750 விமானம் என்று பேசியது 187-இல் நின்றது. அப்புறம் பராமரிப்பு, உங்கள் ஸ்லைடில் இது இல்லவே இல்லை! பல இடங்களில் உள்ளே சின்னப் பழுது பார்க்கவே ரேடார் அலையை உறிஞ்சும் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பூசி, காயும்வரை விமானத்தைச் சும்மா நிறுத்திவைக்க வேண்டும். மறுபடி தயாரிக்கலாமே என்றால், 194 விமானத்துக்குச் சுமார் 5,000 கோடி டாலர் என்று 2017இல் அமெரிக்க விமானப்படையே கணக்குச் சொன்னது. எதிர்காலத்துக்கு, இதற்கு அடுத்த தலைமுறைப் போர் விமானமான எஃப்-47ஐப் போடுங்கள், அதைத் தயாரிக்கும் ஒப்பந்தத்தை 2025 மார்ச்சில் போயிங்குக்குக் கொடுத்தாயிற்று.