அழுத்தமும் ஆனந்தமைடும்

அன்புள்ள ஐயா,

மன அழுத்தத்தைத் தணிக்க மூளையே கஞ்சாவை ஒத்த பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கஞ்சா புகைப்பவர் இயற்கை செய்வதைத்தானே சற்றுக் கூடுதலாகச் செய்கிறார்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அளவைவிட இடத்தையும் நேரத்தையும் சார்ந்தது.

ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ரஃபேல் மெச்சூலமின் குழு, மூளை உண்டாக்கும் இப்பொருள்களில் ஒன்றான ஆனந்தமைடை 1992-ல் கண்டறிந்தது. 2-ஏஜி என்னும் இன்னொன்று 1995-ல் தெரியவந்தது. நரம்பு செல்லின் கொழுப்புப் படலத்திலிருந்து தேவைப்படும் கணத்தில் உருவாகும் இவை, செய்தியைப் பெற்ற செல்லிலிருந்து அனுப்பிய செல்லுக்கு எதிர்த்திசையில் சென்று, அங்கு இவற்றை ஏற்கும் புரதமான சிபி1 ஏற்பியில் பொருந்தி, மேலும் செய்தி வராமல் குறைத்துவிட்டு, நொதிகளால் விரைவில் சிதைக்கப்படுகின்றன.

அமைதியான வேளையில், மூளையில் அச்சத்தைக் கையாளும் பகுதியான அமிக்டலாவில் பதற்றத்தை அடக்கி வைப்பதில் ஆனந்தமைடுக்குப் பங்கு உண்டு. ஆபத்து தென்பட்டதும் எஃப்ஏஏஎச் என்னும் நொதி வேகம்பெற்று அதைச் சிதைக்கிறது; அதாவது, நாம் விழிப்படைய வேண்டுமென்பதற்காக மூளை தன் அமைதியைத் தானே விலக்கிக்கொள்கிறது. (எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.) பின்னர் இரத்தத்தில் கூடும் அழுத்த ஹார்மோன், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் 2-ஏஜியைத் தூண்ட, அது அழுத்தச் சுரப்பைத் தொடங்கிவைத்த செல்களுக்கு குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் வழியாக வரும் தூண்டலைக் குறைத்து, எதிர்வினையை முடித்துவைக்க உதவுகிறது.

இவற்றில் பெரும்பகுதி எலிகளிடம் அறியப்பட்டதே. மனிதரிடம் கிடைத்த வலுவான சான்று ரிமோனபான்ட் என்ற மருந்து. சிபி1 ஏற்பியை அடைக்கும் இம்மருந்துக்கு உடல் எடையைக் குறைப்பதற்காக ஐரோப்பாவில் 2006-ல் அனுமதி தரப்பட்டது. உட்கொண்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் தோன்றியதால் 2008-ல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி இந்த ஒழுங்கு எதையும் அறியாது. அழுத்தம் தொடங்கியதா முடிந்ததா என்று பாராமல், மூளையெங்கும் உள்ள சிபி1 ஏற்பிகளில் மணிக்கணக்கில் செயல்படுகிறது. குறைந்த அளவில் அமைதி தருவதே அளவு கூடும்போது பீதியைக் கிளப்புவதும் உண்டு. அன்றாடம் புகைப்பவர்களின் மூளையில் இந்த ஏற்பிகள் குறைந்துவிடுவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. நிறுத்திய சுமார் 4 வாரங்களில் அவை பெரும்பாலும் மீள்கின்றன. அந்த இடைவெளியில் வரும் தூக்கமின்மையையும் எரிச்சலையும் பதற்றத்தையும்தான், கஞ்சா இல்லாமல் தம்மால் இருக்க முடியாது என்பதற்கான அத்தாட்சியாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.