கூடு கட்டாத ஆலா: கடற்பறவைக் கேள்வி பதில்

நாலு தடவை மாலத்தீவு போய்வந்ததற்காக என்னை நிபுணராக்கி உட்கார வைத்துவிட்டார்கள். சரி, சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து நீங்கள் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் வட்டாரம்.

தெம்பனிஸ்: டிசம்பர் விடுமுறைக்கு மாலே போகிறோம் அண்ணே. அந்தத் தூய வெள்ளை ஆலாவை (tern என்கிற கடற்பறவையை) பார்க்கலாமா?

மாலேயில் கிடைக்காது, தங்கச்சி. மாலத்தீவில் அது இருப்பது தென்கோடியில் உள்ள அட்டுத் தீவுக்கூட்டத்தில் மட்டும்தான். உள்நாட்டு விமானம் பிடித்து அங்குள்ள கான் தீவுக்குப் போகவேண்டும். போனால் மரங்களை அண்ணாந்து பாருங்கள். இந்தப் பறவை கூடே கட்டாது. வெறும் கிளையில் ஒரு சின்னப் பள்ளமோ முடிச்சோ இருந்தால் போதும், ஒற்றை முட்டையை அதில் வைத்துவிட்டு அடைகாக்க ஆரம்பித்துவிடும். காற்றடித்தால் விழாதா? விழுவதும் உண்டு. அதனால்தான் குஞ்சு வலுவான நகங்களோடு பிறந்து, பொரிந்த கையோடு கிளையை இறுகப் பற்றிக்கொள்கிறது. கூடு இல்லாவிட்டால் உண்ணித் தொல்லை குறையும் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது பாதி சமாதானம்தான். காகத்தைக் கண்டால் விரட்டும் என்பதால் ஊர்க்காரர்களுக்கு இது செல்லப் பறவை.

ஈசூன்: கடல்தண்ணீரையா குடிக்கின்றன?

ஆமாம். கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி இருக்கிறது. மிஞ்சிய உப்பு மூக்கு வழியே சொட்டிவிடும்.

பிடோக்: பறவை கூடும் இடத்தில் மீன் இருக்குமா?

தூண்டில் போடுகிற உங்களுக்குத் தெரியாததா! மாலத்தீவில் சூரை பிடிக்கும் தோணிகள் பறவைக் கூட்டத்தைப் பார்த்துத்தான் திரும்பும். சூரை அடியிலிருந்து சிறுமீனை மேலே விரட்ட, ஆலாக்கள் மேலிருந்து கொத்தும்.

அங் மோ கியோ: நடுக்கடலில் எங்கே தூங்கும், ஐயா?

ஃபிரிகேட் (frigatebird) என்ற பெரிய கடற்பறவை பறந்தபடியே தூங்கும். பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளில் அதன் தலையில் கருவி பொருத்திப் பார்த்தபோது, பறக்கும் நாட்களில் சராசரியாக நாளுக்கு 42 நிமிடம்தான் தூங்கியது. தண்ணீரில் உட்காரவும் முடியாது, இறகு நனைந்துவிடும். கரை திரும்பியதும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம்!

ஜூரோங்: நம்மூரில் இதெல்லாம் உண்டா?

கிறிஸ்துமஸ் தீவு ஃபிரிகேட் எப்போதாவது தலைகாட்டும். உலகத்திலேயே இந்தியப் பெருங்கடலில் உள்ள அந்த ஒரு தீவில்தான் அது குஞ்சு பொரிக்கிறது. 1958 வரை அந்தத் தீவின் நிர்வாகம் சிங்கப்பூரிலிருந்துதான் நடந்தது. உரிமை கொண்டாட எனக்கு அது போதும். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு ஃபெர்ரியில் போகும்போது, பிளந்த வாலோடு ஒரு கறுப்பு உருவம் இறக்கையை அசைக்காமல் மிதந்தால் கைப்பேசியைத் தேடாதீர்கள். எடுப்பதற்குள் போய்விடும்.