வீட்டுக்கணக்கில் 92, மிட்டேர்மில் 54: கால்குலஸ் பாடத்தில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

வீட்டுக்கணக்கில் 92 சதவீதம், குவிஸில் 80, இரண்டு மிட்டேர்மில் (செமஸ்டர் நடுவில் வரும் தேர்வு) 54, 66. மொத்தத்தில் 70 வர ஃபைனலில் எவ்வளவு எடுக்க வேண்டும், எனக்குக் கணக்கு வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது கேள்விதான் வலிக்கிறது. முதல் செமஸ்டரில் 54 வாங்கியவரிடம் யாராவது ஒருவர் 'உனக்கு இது ஒத்து வராது' என்று சொல்லிவிடுகிறார், பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடை என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்கணக்கு 15, குவிஸ் 10, மிட்டேர்ம் தலா 20, ஃபைனல் 35 என்று வைத்துக்கொள்கிறேன். 'எங்கள் இடத்தில் இப்படி இல்லை' என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வழி அதேதான். 92-இல் 15 சதவீதம் 13.8. குவிஸுக்கு 8. மிட்டேர்ம்களுக்கு 10.8, 13.2. ஆக மொத்தம் 45.8 கையில் இருக்கிறது. 70-க்கு இன்னும் 24.2 வேண்டும், அதை 35-ஆல் வகுத்தால் ஃபைனலில் 69.1 சதவீதம். 80-க்கு ஆசைப்பட்டால் 97.7 சதவீதம் எடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது முதல் வாரம் கொடுத்த பாடத்திட்டத் தாளை எடுங்கள். குறைந்த மிட்டேர்முக்குப் பதிலாக ஃபைனல் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த 54 கணக்கிலேயே வராது, ஃபைனலின் எடை 55 ஆகிவிடும். கையில் இருப்பது 35. 70 வர 63.6 போதும், 80 வர 81.8 போதும். எட்டாத 80-ஐ எட்டக்கூடியதாக்கியது அந்த ஒரு வரி! அதே தாளில் எதிர்ப்பக்கமும் இருக்கலாம்: ஃபைனலில் தனியாக இத்தனை சதவீதம் எடுக்காவிட்டால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி இல்லை என்று. குறைந்த குவிஸை விட்டுவிடுவோம் என்று எழுதியிருந்தால், நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு குவிஸ் அந்தச் சலுகையைத் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டு கிரேடு போடும் ரிலேட்டிவ் கிரேடிங் இருக்கும் இடமானால் 54 என்ற எண்ணை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. வகுப்புச் சராசரி 48, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 12 என்றால் நீங்கள் சராசரிக்கு அரை விலக்கம் மேலே இருக்கிறீர்கள். சராசரி 72 என்றால் கதையே வேறு. அந்த இரண்டு எண்களையும் ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வீட்டுக்கணக்கில் 92 வாங்கியவர் தேர்வில் ஏன் 54-க்கு வருகிறார்? கணினியில் செய்யும் வீட்டுக்கணக்கில் பெரும்பாலும் பல முறை முயலலாம், கடைசி விடையை மட்டும் அது சரிபார்க்கும். அதைவிட முக்கியமான காரணம், பாடத் தலைப்பே வழியைச் சொல்லிவிடுகிறது. பிரதியிடல், அதாவது புதிய மாறி போட்டுத் தொகையிடும் முறை, பாடத் தலைப்பாக இருந்தால் அதன் கீழ் இருக்கும் கணக்கெல்லாம் பிரதியிடல்தான். தேர்வில் ஒரு தொகையீட்டைப் பார்த்ததும் பிரதியிடலா, பெருக்கலைப் பகுதி பகுதியாகத் தொகையிடும் பகுதித் தொகையிடலா என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும். 50 நிமிடத்தில் 6 கணக்கு என்றால் ஒன்றுக்கு 8 நிமிடம்தான்.

அடுத்து விடைத்தாள். பல பிரிவுகளுக்குப் பொதுத் தேர்வு வைக்கும் இடங்களில் மூன்றாம் கேள்வியை எல்லாத் தாள்களிலும் ஒருவரே திருத்துவார். உங்கள் இரண்டாம் கேள்வியில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கப்போவதில்லை. அதனால் ஒவ்வொரு விடையும் தனியாக நிற்க வேண்டும்.

12 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர அட்டையின் நான்கு மூலையிலும் சிறு சதுரங்களை வெட்டி, மடித்து, மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும், மிகப் பெரிய கனஅளவு என்ன என்று 10 மதிப்பெண் கேள்வி வருகிறது என்று வையுங்கள். கனஅளவு = எக்ஸ் × (12 − 2எக்ஸ்)² என்று சார்பை அமைத்ததற்கு 3. எக்ஸ் 0-க்கும் 6-க்கும் இடையே என்று எழுதியதற்கு 1. வகையிட்டு (12 − 2எக்ஸ்)(12 − 6எக்ஸ்) என்று கொண்டுவந்தால் 2. எக்ஸ் 2 அல்லது 6 என்றதற்கு 1. 2-இல்தான் பெருமம் என்று காரணம் காட்டியதற்கு 2. 128 கன சென்டிமீட்டர் என்ற விடைக்கு 1. கிட்டத்தட்ட இப்படித்தான் பிரிப்பார்கள். 128 என்று மட்டும் எழுதியவருக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும். நடுவில் கூட்டல் தவறி, மீதியைச் சரியாகச் செய்தவருக்கு 7, 8 கூடக் கிடைக்கும். ஆனால் தவறு கணக்கையே எளிதாக்கிவிட்டால் அந்தத் தாராளம் இருக்காது. வர்க்கத்தை விட்டுவிட்டு எக்ஸ் × (12 − 2எக்ஸ்) என்று எழுதினால் பின்னால் வகையிடுவது மிக எளிதாகிவிடும், அதற்குரிய மதிப்பெண்ணும் போகும்.

மதிப்பெண் ஒழுகும் இடங்கள் சில உண்டு. எக்ஸ் × (எக்ஸ்² + 1)³ என்பதை 0 முதல் 2 வரை தொகையிடச் சொல்கிறார்கள். எக்ஸ்² + 1-க்குப் புதிய மாறி போட்டதும் எல்லைகள் 1, 5 ஆகின்றன, விடை 78. பழைய எல்லைகளையே வைத்தவருக்கு 2 வருகிறது. 1/எக்ஸ்² என்பதை −1 முதல் 1 வரை அப்படியே தொகையிட்டு −2 என்று எழுதுகிறார்கள். எங்கும் மிகையாக இருக்கும் சார்புக்குக் குறை எண் எப்படி வரும்? 0-இல் அது வரையறுக்கப்படவே இல்லை, அந்தத் தொகையீடு விரிந்து போகிறது, அதாவது முடிவுள்ள எண்ணாக வராது. எல்லை இல்லாத தொகையீட்டின் கடைசியில் சேர்க்கும் மாறிலியை விடுவதற்கு ஒரு மதிப்பெண் குறைப்பார்கள், அது சிறியது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணக்குகளின் வரிசை எண்ணை மாற்றிப் புதிய பதிப்பு என்று பாடநூலை விற்பதும், பழைய புத்தகம் வைத்திருப்பவர் தவறான கணக்கைச் செய்து பூஜ்யம் வாங்குவதும் மிகப் பெரிய அநியாயம். கால்குலஸின் அடிப்படை அதற்குள் மாறிவிடுவதில்லை. ஆசிரியர்கள் கேள்வியை முழுதாக எழுதிக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இருக்காது.

மறுமதிப்பீடு கேட்கும்முன் விதியைப் படியுங்கள். முழுத் தாளையும் மறுபடி திருத்துவார்கள் என்றால் குறையவும் வாய்ப்பு உண்டு. கூட்டல் பிழை மட்டும் என்றால் தயங்க வேண்டாம்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. மிட்டேர்ம்கள் நூற்றுக்கு என்றால் இரண்டிலும் சேர்த்து 80 மதிப்பெண் போயிருக்கிறது. தாள்களை எடுத்து அந்த 80-ஐயும் மூன்றாகப் பிரியுங்கள்: வழி தெரியாமல் போனது, இயற்கணிதத்தில் தவறியது, தெரிந்தும் எழுதாமல் விட்டது. முதல் வகைக்குப் பழைய வினாத்தாள்களைத் தலைப்பு பார்க்காமல், கலைத்துப் போட்டுச் செய்யுங்கள். இரண்டாவது வகைக்குப் பின்னம், அடுக்கு, காரணிப்படுத்தல் என்று தினம் அரை மணி நேரம். மூன்றாவது வகைக்குப் புதிதாகப் படிக்க எதுவுமே இல்லை, ஃபைனலுக்கு முன் அதைத்தான் முதலில் சரிசெய்யுங்கள்.