வெளிநாட்டு வேலை, உள்ளூர் வண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரண்டு வருட வேலையாக வெளிநாடு போகிறேன். வீட்டிலிருந்து ஆபீஸ் 9 கிலோமீட்டர், நடுவில் ஒரு பெரிய மேடு. ஸ்கூட்டர் வாங்கலாமா, கியர் வண்டி வாங்கலாமா?

முதலில் சாலையைப் பாருங்கள், பிறகு வண்டியை. ஸ்கூட்டர்களுக்குப் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலச் சக்கரம். 17 அங்குலச் சக்கரம் உருண்டு கடந்துபோகும் பள்ளத்தில் 10 அங்குலச் சக்கரம் விழுந்து எழும்பும். அந்த அடி நேராக ஹேண்டிலுக்கு வரும். நல்ல தார்ச்சாலை, அடிக்கடி நின்று கிளம்பும் நெரிசல், காலடியில் வைக்க ஒரு மூட்டை என்றால் ஸ்கூட்டரை மிஞ்ச எதுவும் இல்லை.

உங்களுக்கு மேடு இருப்பதால் ஏறுவதைவிட இறங்குவதுதான் கவலை. ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜின் கொஞ்சம்தான் பிடிக்கும். வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விலகிவிடும், அதன் பிறகு வண்டி வெறுமனே உருளும். நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிமானம் போய்விடும். கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டு இறங்கினால் பாதி வேலையை இன்ஜினே பார்த்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: ஹோண்டா சூப்பர் கப் வகை. காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம், கையில் கிளட்ச் கிடையாது, காலால் கியர் மாற்றலாம், சக்கரம் பெரியது. 1958-ல் வந்த இந்த வடிவம் 2017-ல் 10 கோடி வண்டிகளைத் தாண்டியது சும்மா இல்லை. கிளட்ச் பழக்கம் இல்லாதவருக்கு, மேடும் பள்ளமும் உள்ள ஊரில், எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

கடைசித் தீர்ப்பு மட்டும் தெருவிடம். போய் இறங்கியதும் ஒரு காலை வேளையில் கால் மணி நேரம் முக்கில் நின்று, எந்த மாடல் அதிகம் போகிறது என்று எண்ணுங்கள். அதன் பிரேக் ஷூவும் கேபிளும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். அழகான அபூர்வ வண்டிக்கு ஒரு லீவர் உடைந்தால் மூன்று வாரம் பஸ்தான்.

கேள்வி: என்னிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது, சர்வதேச அனுமதிச் சீட்டும் எடுத்துவிட்டேன். 125 சிசி ஓட்டலாம் அல்லவா?

கூடாது, பெரும்பாலும். அந்தச் சீட்டு உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்புதான். மூலத்தில் இருசக்கர வாகன அனுமதி இல்லையென்றால் சீட்டிலும் அதற்கான ‘ஏ’ கட்டத்தில் முத்திரை விழாது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரும் சீட்டு ஓராண்டுக்கு மட்டும்; 1968 வியன்னா ஒப்பந்தப்படி தருவது அதிகபட்சம் மூன்றாண்டு. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தவிர, இது வந்துபோகிறவர்களுக்கானது. குடியிருப்பு அட்டை கைக்கு வந்ததும் பல நாடுகள் உள்ளூர் லைசென்ஸ் கேட்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘ஏ1’ வகை 125 சிசி, 11 கிலோவாட் வரை. அங்கே எடுத்த கார் லைசென்ஸில் 50 சிசி மொபெட் அடக்கம். 125 சிசி நாட்டுக்கு நாடு மாறும். போலீஸ் அபராதத்தை விடுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டுவது லைசென்ஸின் வகையைத்தான்.

கேள்வி: ஊர் திரும்பும் ஒருவர் தன் பழைய ஸ்கூட்டரை விற்கிறார். மெக்கானிக் இல்லாமல் நானே எப்படிப் பார்ப்பது?

போய்ச் சேர்ந்ததும் சாவியைத் தொடாதீர்கள், இன்ஜினைத் தொடுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஆறவிட்டு, அல்லது மறுநாள் காலை, நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல். முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். முதலாவதற்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம். இரண்டாவதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை இரண்டு விரலால் மெல்ல இடமிருந்து வலம் திருப்புங்கள். சரியாக நடுவில் ‘டக்’கென்று ஒரு குழியில் உட்கார்வது போலிருந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. பிறகு ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஆட்டம் தெரியக் கூடாது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் இருந்தால் ஆயில் சீல் கசிகிறது.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். டயரின் பூ (மேலுள்ள வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஆறு வருடம் தாண்டிய ரப்பர் ஈரத்தில் வழுக்கும். அந்த டயர்களின் விலையைக் கழித்துப் பேசுங்கள். மீட்டரில் 8,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் கைப்பிடி ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் நகத்தை வைத்தால் படிக்கட்டு போல் தட்டுகிறது என்றால், பொய் சொல்வது மீட்டர்தான்.

ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். நின்ற நிலையில் பேட்டரி 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். இன்ஜினை முறுக்கும்போது 13.5 முதல் 14.5 வரை. ஏறவே இல்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் காலி, அது புது பேட்டரியையும் தின்றுவிடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் போட்ட கீறலோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் பேச்சே வேண்டாம். சான்றில் விற்பவர் பெயர் இல்லாமல், அவருக்கு விற்றவருக்கு விற்றவர் பெயர் இருப்பதும் வெளிநாட்டவர் கைமாற்றும் வண்டிகளில் சகஜம். அப்படிப்பட்ட வண்டிக்குப் பாதி விலையும் அதிகம்.

கேள்வி: 22,000 கிலோமீட்டர் ஓடிய ஸ்கூட்டர். கிளம்பும்போது உடம்பே அதிர்கிறது. வேகமும் முன்போல் வருவதில்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள்.

இன்ஜினில் கை வைக்கும் முன், பெல்ட்டும் கிளட்ச்சும் இருக்கும் இடது பக்க மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனித் தொல்லை.

நின்ற இடத்திலிருந்து கிளம்பி 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் மட்டும் அதிர்ந்தால் அது கிளட்ச் ஷூ. மேற்பரப்பு கண்ணாடி போல் மின்னும், கிளட்ச் பெல்லுக்குள் கருப்புத் தூள் படிந்திருக்கும். உப்புத்தாளால் ஷூவை லேசாகச் சொரசொரப்பாக்கி, பெல்லைத் துடைத்தால் போதும். தூளை வாயால் ஊதாதீர்கள்.

வேகம் குறைவதற்குக் காரணம் பெல்ட். தேய்ந்து குறுகிய பெல்ட்டால் முன்பக்க வேரியேட்டரின் (வேகத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் கப்பி) விளிம்புவரை ஏற முடியாது; இன்ஜின் கத்தும், வண்டி போகாது. பல மாடல்களுக்கு 20,000 முதல் 24,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்வார்கள், ஆகவே மாற்றிவிடுங்கள். கையோடு வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்களையும் பாருங்கள்: உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் முழு செட்டும் மாற்றுங்கள், அதே கிராம் எடையில். கனமானதைப் போட்டால் கிளம்புவது மந்தமாகும். பெல்ட் பாதையில் எண்ணெய்ப் பசை இருந்தால் கசியும் சீலை முதலில் மாற்றாமல் புது பெல்ட் போடுவது வீண்.

கேள்வி: இரண்டு மாத விடுமுறையில் ஊருக்குப் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லலாமா?

வேண்டாம். ஐந்து நிமிட ஓட்டத்தில் பேட்டரி இழந்ததே திரும்பாது. சைலன்ஸருக்குள் ஈரம் சேர்ந்து துருப்பிடிப்பதுதான் மிச்சம். டேங்கை நிரப்புங்கள். கார்புரேட்டர் வண்டியென்றால் கீழேயுள்ள திருகைத் தளர்த்திக் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட் அடைத்துக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். டயரில் காற்றை முழு அளவுக்கு ஏற்றி சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்சூரன்ஸ் இந்த இரண்டு மாதத்துக்குள் முடிகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: வேலை முடிந்து கிளம்பும்போது வண்டியை எப்போது விற்கலாம்?

கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பல நாடுகளில் உங்கள் பெயரிலுள்ள பதிவு குடியிருப்பு அட்டையோடு பிணைந்தது. அட்டை காலாவதியானால் பெயர் மாற்றம் நின்றுவிடும். அதற்கு ஆறு வாரம் முன்பே விற்று, வாங்குபவரோடு நீங்களே அலுவலகம் போய் மாற்றுங்கள். தேதி போடாத படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டாம். ஒப்படைத்த நாள், மணி, மீட்டர் அளவு எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாளின் நகல் ஒன்று உங்கள் பெட்டியில் வரட்டும். உங்கள் பெயருக்கு அபராதச் சீட்டு வந்தால் காட்ட அதுதான் இருக்கும்.